ஜஹைரா வாய் திறக்கவில்லை: பால்டர்ஸ் கேட் 2-இல் கூட்டாளிகள் சிக்கிக்கொள்ளும் இடங்கள்

வாசகர் கேள்வி, மார்ச் 2

பால்டர்ஸ் கேட் 2 என்ற கணினிக் கதை விளையாட்டு, பழைய பதிப்பு, த்ரோன் ஆஃப் பால் என்ற விரிவாக்கம் சேர்த்தது. ஆத்கட்லா நகரத்துக்கு வந்த புதிதில் என் குழுவின் கூட்டாளி ஜஹைரா தானாகவே வந்து பேசிக்கொண்டிருந்தாள். இப்போது விளையாட்டுக்குள் வாரக்கணக்கில் நாட்கள் ஓடிவிட்டன, ஒரு வார்த்தை இல்லை. சத்திரத்தில் திரும்பத் திரும்பத் தூங்கிப் பார்த்தேன், பயனில்லை. குழுவிலிருந்து நீக்கினேன், கன்ட்ரோல்-கியூ அழுத்தித் திரும்பச் சேர்த்தேன். அதற்குப் பிறகு இன்னொரு கோளாறு தொடங்கியிருக்கிறது. குழுவை விட்டுப் போகச் சொன்னால், மீண்டும் சேரும் நேரத்தில் சொல்ல வேண்டிய வசனத்தைச் சொல்கிறாள். சேவ் (ஆட்டத்தைச் சேமித்த பதிவு) கெட்டுவிட்டதா? முதலிலிருந்து ஆட வேண்டுமா?

மார்ச் 2, இரவு

முதலிலிருந்து ஆட வேண்டாம். இனி எந்தக் குறுக்குவிசையையும் அழுத்தவும் வேண்டாம். சேவ் கோப்புறையை முழுதாக வேறோர் இடத்துக்கு நகலெடுத்து வையுங்கள். அதற்குள் பால்டர் என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஜிஏஎம் விகுதி கொண்டதில் உங்கள் குழு, நீங்கள் சந்தித்துப் பிரிந்த கூட்டாளிகள், கதை முழுவதற்குமான பொது மாறிகள் (கதையின் நிலையை எண்ணாகக் குறித்துவைப்பவை) எல்லாம் இருக்கின்றன. எஸ்ஏவி விகுதி கொண்டதில் நீங்கள் போய்வந்த இடங்கள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் சிக்கல் இரண்டுமே முதல் கோப்பில்தான் இருக்கின்றன.

ஆம், இரண்டு சிக்கல்கள். அவள் பேசாதது ஒன்று. தவறான வசனம் சொல்வது வேறொன்று. அது நீங்கள் செய்த வைத்தியத்தால் வந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் தீராது.

ஜஹைராவின் காதல் கதை எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பொது மாறி ஒன்று இருக்கிறது. அதன் மதிப்பு 1 என்றால் கதை நடந்துகொண்டிருக்கிறது; 2 என்றால் இருவரும் உறுதி செய்துகொண்டுவிட்டார்கள்; 3 என்றால் முடிந்துபோயிற்று, இனி எழாது. காதல் கதை உள்ள மற்றக் கூட்டாளிகளான எய்ரி, விகோனியா, அனோமன் ஆகியோருக்கும் இதே கணக்குத்தான். இது தவிர லவ்டாக் என்ற இன்னொரு மாறி இருக்கிறது. அது பொது மாறி அன்று, அந்தக் கூட்டாளியின் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் மாறி. எத்தனையாவது பேச்சு வரை வந்திருக்கிறோம் என்பதை அதுதான் சொல்கிறது.

டைமர் தீர்ந்ததும் ஸ்கிரிப்ட் லவ்டாக்கில் ஒன்றைக் கூட்டி ஒற்றைப்படை ஆக்குகிறது. ஒற்றைப்படை என்றால் 'பேசத் தயார், தருணம் பார்க்கிறேன்' என்று பொருள். பேச்சு நடந்து முடிந்ததும் உரையாடல் கோப்பு அதை இரட்டைப்படை ஆக்கிவிட்டு டைமரை மீண்டும் முடுக்குகிறது. இரட்டைப்படை என்றால் 'நேரம் இன்னும் ஆகவில்லை' என்று பொருள். இந்த ஒரு விவரம் இல்லாமல் எத்தனை பேர் எத்தனை நாள் இருட்டில் தடவியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நியர் இன்ஃபினிட்டி என்ற இலவச மென்பொருளில் சேவ் கோப்பைத் திறந்து, அந்த இரண்டு எண்களையும் பார்த்துச் சொல்லுங்கள். பார்த்தால் போதும், மாற்ற வேண்டாம்.

மார்ச் 2, நள்ளிரவு

விட்டுப்போன ஒன்று. லவ்டாக் பொது மாறி அன்று என்றேன். அதனால் பொது மாறிகளின் பட்டியலில் தேடினால் கிடைக்காது. கூட்டாளியின் பதிவைத் திறந்து, அவர் மேல் படிந்திருக்கும் விளைவுகளின் பட்டியலைப் பாருங்கள். மந்திர விளைவுகளோடு விளைவுகளாக, 187 என்ற எண்ணின் கீழ் அவருடைய சொந்த மாறிகள் உட்கார்ந்திருக்கும். விளைவு என்றால் விஷமும் வாழ்த்தும்தான் என்று நினைத்துக்கொண்டு யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

மார்ச் 3, காலை

தவறான வசனத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கூட்டாளிக்கும் மூன்று உரையாடல் கோப்புகள் உண்டு. குழுவில் இருக்கும்போது பேசுவதற்கு ஒன்று, மற்றக் கூட்டாளிகளோடு வம்பளப்பதற்கு ஒன்று, குழுவை விட்டு நீங்கியபின் பேசுவதற்கு ஒன்று. இந்த மூன்றாவது கோப்பு 'வெளியேற்றப்பட்டவர்' என்று பொருள்படும் சொந்த மாறி ஒன்றைப் பார்க்கிறது. 0 என்றால், இப்போதுதான் நீக்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டு 'போகட்டுமா, காத்திருக்கட்டுமா' என்று கேட்கும். கேட்டுவிட்டு 1 ஆக்கும். 1 என்றால், ஏற்கெனவே வெளியே இருப்பவர் என்று எடுத்துக்கொண்டு சேர்வதைப் பற்றிப் பேசும். முறையாகப் பேசிச் சேர்த்தால் அந்த உரையாடலே 1-ஐ 0 ஆக்கிவிடுகிறது. கன்ட்ரோல்-கியூ உரையாடலைத் தாண்டிக்கொண்டு ஆளை நேரே குழுவுக்குள் தூக்கிப் போடுகிறது. மாறி 1-இலேயே நின்றுவிட்டது. அவளைப் பொறுத்தவரை நீங்கள் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

சரிசெய்ய எடிட்டர்கூடத் தேவையில்லை. அவளை நீக்குங்கள்; தவறான வசனத்தோடு வருவாள்; அந்த உரையாடலிலேயே 'சேர்ந்துகொள்' என்ற பதிலைத் தேர்ந்தெடுங்கள். மாறி 0 ஆகிவிடும். அடுத்த முறை நீக்கினால் சரியான வசனம் வரும்.

மார்ச் 3, மாலை

மேலே ஒருவர், 'கன்சோலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பெட்டி) திறந்து மாறியை 2 ஆக்கிவிடுங்கள், கதை முடிந்தது' என்று எழுதியிருக்கிறார். உண்மையாகவே கதை முடிந்துவிடும். நடுவில் வரும் பேச்சுகளில் பெரும்பாலானவை மாறியின் மதிப்பு 1-ஆக இருக்கிறதா என்று பார்த்துத்தான் கிளம்புகின்றன. 2 ஆக்கினால் அவை எல்லாம் கதவடைத்துக்கொள்ளும். ப்ளோயர் என்ற பிரபு பழிவாங்க வரும் கட்டம், அவள் சார்ந்த ஹார்ப்பர்கள் என்ற ரகசிய அமைப்பின் மாளிகையில் கால்வரேயோடு நிகழ்வது, அவளுடைய பழைய ஆசான் டெர்மின் வந்து நிற்கும் கட்டம் ஆகிய அத்தனையும்தான் அந்தக் கதை. கொலைக்குப் பதில் சொல்ல வேண்டிய பெண், தான் வளர்ந்த அமைப்பையே எதிர்த்து நிற்கும் பெண், அந்த நிலைக்கு எப்படி வந்தாள் என்பதைப் பார்க்கத்தானே மணிக்கணக்கில் ஆடுகிறோம்? முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு என்ன செய்வது?

கன்சோல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பால்டர் ஐஎன்ஐ கோப்பில் புரோகிராம் ஆப்ஷன்ஸ் பகுதியில் டீபக் மோட்=1 என்று சேர்த்தால் கன்சோல் திறக்கும்; பின்னால் வந்த மேம்பட்ட பதிப்பில் அந்த அமைப்பு பால்டர் எல்யூஏ கோப்பில் இருக்கிறது. மாறியின் மதிப்பைக் கேட்கும் கட்டளையும் அதில் உண்டு, மாற்றும் கட்டளையும் உண்டு. முன்னதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பின்னதை எதற்காக என்று ஒரு வரியில் எழுத முடிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொரு யோசனையும் வந்திருக்கிறது: கன்சோலில் புதிதாக ஒரு ஜஹைராவை வரவழைப்பது. இது எல்லாவற்றிலும் மோசம். புதிதாக வருபவளுடைய சொந்த மாறிகள் எல்லாம் வெறுமையாக இருக்கும். பொது மாறியோ பாதிக் கதை கடந்த நிலையில் இருக்கும். போதாததற்கு ஒரே ஸ்கிரிப்ட் பெயரில் இரண்டு பேர் உலகத்தில் இருப்பார்கள். ஜஹைராவைக் கூப்பிடும் கட்டளை யாரைப் போய்ச் சேரும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது.

மார்ச் 5

எண்கள் வந்துவிட்டன. பொது மாறி 1. லவ்டாக் இரட்டைப்படை. நல்ல செய்தி. ஒன்றும் உடையவில்லை, டைமர் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரக்கணக்கில் நாட்கள் போன பிறகும் ஏன் தீரவில்லை என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி.

விளையாட்டில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று கதையின் கடிகாரம். அதில் ஒரு நாள் என்பது நம்முடைய இரண்டு மணி நேரம், ஒரு மணி என்பது ஐந்து நிமிடம். தூங்கினால் அது எட்டு மணி நேரம் தாவும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனாலும் தாவும். இன்னொன்று, நீங்கள் உண்மையில் உட்கார்ந்து ஆடும் நொடிகளை எண்ணும் கடிகாரம். காதல் பேச்சுகளுக்கான டைமர் இரண்டாவது கடிகாரத்தில் கட்டப்பட்டது. நீங்கள் காப்பர் கொரோனெட் சத்திரத்தில் நாள் முழுக்கத் தூங்கி எழுந்தாலும் அந்த டைமருக்கு அது சில நொடிதான். நாட்குறிப்பில் நாட்கள் மளமளவென்று கூடியிருக்கும், டைமர் அசையாமல் இருப்பதுபோலத் தோன்றும்.

இதைப் பிழை என்று சொல்வோரும் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். கதைக் கடிகாரத்தில் கட்டியிருந்தால், எட்டுத் தூக்கத்தில் எட்டுப் பேச்சையும் கேட்டு முடித்துவிட்டு அவளை மூலையில் உட்காரவைத்துவிடுவோம். ஒன்றாக நடந்து, ஒன்றாகச் சண்டையிட்டு, நடுவில் வந்து சேரும் பேச்சுக்குத்தான் எடை இருக்கிறது. அதைக் காப்பதற்கு இந்த ஏற்பாடு சரியானது. ஆனால் ஆடுபவருக்கு அதைச் சொல்லும் வழி விளையாட்டுக்குள் எங்குமே இல்லை, அதுதான் குறை.

ஆகவே தூங்குவதை விட்டுவிட்டு ஆடுங்கள். முடிக்காமல் வைத்திருக்கும் பணி ஒன்றை எடுங்கள். நிலவறையாக இல்லாதிருந்தால் நல்லது, காரணம் கீழே.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

லவ்டாக் ஒற்றைப்படையாக இருந்தும் பேசாதவர்களுக்கு: டைமர் தீர்ந்துவிட்டது, தருணம் வாய்க்கவில்லை. பார்க்க வேண்டியவை சில. பக்கத்தில் பகைவர் யாராவது தெரிகிறாரா? சண்டை முடிந்த சூடு இன்னும் தணியாமல் இருக்கிறதா? நிலவறைக்குள் நிற்கிறீர்களா? பல பேச்சுகள் அங்கே நடக்கவே நடக்காது. கடைசியாக, யாராவது ஒருவர் பேசும் நிலையில் இல்லையா? வாயடைப்பு மந்திரம், மயக்கம், அச்சம், கல்லாகிக் கிடப்பது எல்லாம் இதில் அடங்கும். அவளை மட்டும் பார்க்காதீர்கள், உங்கள் தலைவனையும் பாருங்கள்.

பழைய பதிப்பில் இந்தச் சோதனை மிகக் குறுகலாக இருந்தது. தூக்கத்தைப் பார்த்தது, மற்றவற்றை விட்டுவிட்டது. வாயடைத்துக் கிடக்கும் ஆளோடு பேச்சைத் தொடங்கப் போய்ச் சிக்கிக்கொள்ளும் இடங்கள் அப்படித்தான் உண்டாயின. ரசிகர்கள் சேர்ந்து உருவாக்கிய பிஜி2 ஃபிக்ஸ்பேக் இவற்றை எல்லாம் ஒரே கூட்டுச் சோதனையாக மாற்றிப் போட்டது. பழைய பதிப்பை ஆடுகிறவர்கள் வேறு எதைப் போடாவிட்டாலும் அதைப் போட வேண்டும். புதிய ஆட்டம் தொடங்குவதற்கு முன் போட வேண்டும்.

மார்ச் 6

இரவு யோசித்துக்கொண்டிருந்தேன். வேறு எந்தக் கோளாறையும்விடக் கூட்டாளிக் கோளாறு ஏன் இவ்வளவு வதைக்கிறது?

வாள் ஒன்று காணாமல் போனால் அது கோளாறு என்று உடனே தெரிகிறது. கதவு திறக்காவிட்டால் தெரிகிறது. ஒரு மனிதர் பேசாமல் இருந்தால் எப்படித் தெரியும்? நான் முதன்முதலில் இதை ஆடியபோது, கதையின் வில்லன் ஐரெனிகஸின் நிலவறையில் கலித்தின் உடலைக் கண்ட ஜஹைரா நொறுங்கியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நெடுநேரம் அவள் பேசவில்லை. கணவனை அந்தக் கோலத்தில் கண்டவள் பேசாமல் இருப்பதுதான் இயல்பு என்று நினைத்தேன். அவள் துக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து, அவளைப் பின்வரிசையில் நிறுத்தி, கடுமையான சண்டைகளில் முன்னே அனுப்பாமல் பார்த்துக்கொண்டேன். அந்த மௌனத்தில் எவ்வளவு எழுதியவர்கள் வைத்தது, எவ்வளவு நிலவறையில் நின்றதால் டைமர் தீர்ந்தும் பேச முடியாமல் போனது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஆட்டம்தான் எனக்கு மிகப் பிடித்த ஆட்டம்.

ஆகையால் 'பேசவில்லை, பிழை' என்று முடிவு கட்டுவதற்கும் 'பேசவில்லை, துக்கம்' என்று முடிவு கட்டுவதற்கும் முன்னால் எண்ணைப் பாருங்கள் என்கிறேன். எழுத்தாளர் வைத்த மௌனமாக இருந்தால் அதைக் கெடுக்கக் கூடாது. சிக்கிய மௌனமாக இருந்தால் அவளை அப்படியே விடக் கூடாது. ஊகித்து இரண்டையும் பிரிக்க முடியாது.

மார்ச் 9

புதிய புகார்: 'விகோனியாவும் கெல்டார்னும் குழுவில் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் ஒருவரையொருவர் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். செயற்கை அறிவு குழம்பிவிட்டதா?'

இல்லை. கெல்டார்ன் புனிதப் படையின் மூத்த வீரர். விகோனியா, ஷார் என்ற இருள் தெய்வத்தை வணங்கும் ட்ரோ, அதாவது இருண்ட எல்ஃப் இனத்தவள். இருவருக்கும் ஆகாது என்று அவர்கள் வம்பளப்பிலேயே பல முறை எச்சரிக்கை வந்திருக்கும். உயிர்ப்பலியில் முடிவது எழுதப்பட்ட கதை. வாசித்திருந்தால் ஒருவரைச் சத்திரத்தில் விட்டிருப்பீர்கள்.

இதே வகையில் பிழை என்று தவறாக எண்ணப்படும் இன்னும் சில. நற்பெயர் 19, 20 என்று ஏறினால் எட்வின், கோர்கன், விகோனியா போன்ற தீய கூட்டாளிகள் பொறுக்கமாட்டாமல் விலகுவார்கள். மிகவும் இறங்கினால் நல்லவர்கள் விலகுவார்கள். நாலியா என்ற கூட்டாளியின் கோட்டையை மீட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காலம் கடத்தினால் அவள் பொறுமை தீரும். ஒருவருடைய முகப்படமே பக்கவாட்டிலிருந்து மறைந்துவிட்டால், அவர் கடைசி அடியில் உயிர்ப்புள்ளி மைனஸ் 10-க்குக் கீழே போய்ச் சிதறிவிட்டார்; கோயிலில் உயிர்ப்பிக்க முடியாது.

1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் இது இன்னும் கடுமை. கலித்தும் ஜஹைராவும் ஜோடி, மின்ஸ்க்கும் டைனஹெயரும் ஜோடி, ஸார் என்பவனும் மொன்டரோனும் ஜோடி. ஒருவரை நீக்கினால் மற்றவரும் போய்விடுவார். 'கலித்தை மட்டும்தானே போகச் சொன்னேன்' என்று அந்தக் காலத்தில் கேட்காதவர் கிடையாது. மனைவியை விட்டுவிட்டுக் கணவனை மட்டும் அனுப்பினால் அவள் ஏன் நிற்க வேண்டும்?

மார்ச் 10

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'வாசித்திருந்தால்' என்று நான் சொன்னது கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. ஆனாலும் அதை எடுக்கப்போவதில்லை. காரணம் சொல்கிறேன். வேகமாக மவுஸை அழுத்தி வம்பளப்பைத் தாண்டிச் செல்கிறவர்கள்தான் பிறகு 'திடீரென்று' என்ற சொல்லோடு வந்து நிற்கிறார்கள். வம்பளப்புதான் கூட்டாளிகளின் உடல்நிலைக் குறிப்பு. யார் யாரோடு எந்த அளவுக்கு முறைத்துக்கொண்டிருக்கிறார் என்பது வேறு எங்கும் எழுதப்படுவதில்லை. முழுதும் படியுங்கள்.

மின்ஸ்க்கின் வெள்ளெலியை அவனிடமிருந்து எடுக்க முடியவில்லை, அதுவும் பிழையா என்று ஒருவர் கேட்டிருந்தார். பூ என்ற அந்த வெள்ளெலியை யாரும் எடுக்க முடியாது. எடுக்க முயல்கிறவர் எந்த மாதிரி மனிதர் என்றுதான் நான் கேட்பேன்.

மார்ச் 14

அனோமன் விஷயம் பெரியது, பொறுமையாக எழுதுகிறேன். கேள்வி இது: ஆட்டத்தின் பாதியில் ஒரு புதிய மோடை (ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் மாற்றத் தொகுப்பு) நிறுவியபின், அனோமன் பேச வரும்போது பொருத்தமான பதிலோ இணைப்போ இல்லை என்ற அறிவிப்பு மட்டும் தோன்றி, பேச்சு முறிந்துபோகிறது.

அந்த அறிவிப்பையும் 'உன்னிடம் சொல்ல இவருக்கு ஒன்றுமில்லை' என்ற அறிவிப்பையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு. சொல்ல ஒன்றுமில்லை என்றால், உரையாடல் கோப்பில் உள்ள எந்தத் தொடக்கத்தின் நிபந்தனையும் இப்போது பொருந்தவில்லை; பெரும்பாலும் இது இயல்பான நிலை, அவருக்கு உண்மையிலேயே சொல்ல ஒன்றுமில்லை. பதிலோ இணைப்போ இல்லை என்றால், பேச்சு தொடங்கிவிட்டது, அடுத்து எங்கே போவது என்ற வழி இல்லை. இது உடைந்த உரையாடல். மோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்றின் வழியை இன்னொன்று அடைத்திருக்கிறது.

ஏன் நடுவில் நிறுவக் கூடாது என்பதற்கு வருகிறேன். உரையாடல் கோப்புகளும் ஸ்கிரிப்டுகளும் சேவில் இருப்பதில்லை; விளையாட்டுக் கோப்புறையிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கப்படுகின்றன. மோடை நிறுவிய மறுநிமிடமே அவை மாறிவிடும். ஆனால் அனோமன் என்கிற ஆள் நீங்கள் அவனைச் சந்தித்த அன்றே சேவுக்குள் பதிவாகிவிட்டான். நீங்கள் போய்வந்த இடங்களும் அப்படியே. அங்கே மோடு செய்யும் மாற்றம் எட்டாது. புதிய உரையாடலும் பழைய ஆளும் சேர்ந்து நிற்கிறார்கள். உரையாடல் எதிர்பார்க்கும் மாறி அவனிடம் இல்லை.

வைடியூ என்ற நிறுவும் கருவி, வெஸ்ட்லி வைமர் எழுதியது, இந்த விளையாட்டின் மோடு உலகத்தையே தாங்கி நிற்பது, உங்கள் விளையாட்டுக் கோப்புறையில் தன் பெயரில் ஒரு குறிப்புக் கோப்பு வைத்திருக்கும். எந்த மோடு எந்த வரிசையில் ஏறியது என்று அதில் வரிவரியாக இருக்கும். கோளாறு என்று உதவி கேட்கும்போது அந்தக் கோப்பை முழுதாக இடுங்கள். 'சில மோடுகள் போட்டிருக்கிறேன்' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

வரிசையும் முக்கியம். திருத்தத் தொகுப்பு முதலில், கதையும் ஆட்களும் சேர்ப்பவை அடுத்து, சிறு வசதிகள் செய்பவை கடைசியில். வசதி மோடு என்பது அதுவரை ஏறியிருப்பதைப் பார்த்து அதன் மேல் கை வைப்பது. அதை முதலில் ஏற்றிவிட்டுப் புதிய ஆளைப் பின்னால் ஏற்றினால், அந்த ஆள் மட்டும் விதிவிலக்காகத் திரிவார்.

மார்ச் 15

அனோமன்காரருக்குத் தீர்வு சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று ஒருவர் நினைவூட்டினார். மோடை வைடியூ வழியாகவே நீக்குங்கள். கோப்புகளைக் கையால் அழித்துவிட்டால், வைடியூ எதை மீட்பது என்று தெரியாமல் நின்றுவிடும். அடியில் உள்ள ஒன்றை நீக்கச் சொன்னால், மேலே உள்ளவற்றைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, அதை நீக்கி, மற்றவற்றைத் திரும்ப ஏற்றும். மோடு போடுவதற்கு முந்தைய சேவிலிருந்து தொடருங்கள்.

நீக்கியபின் நாட்குறிப்பில் சம்பந்தமில்லாத வரிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். விளையாட்டின் சொற்கள் அனைத்தும் ஒரே கோப்பில் எண்ணிட்டு இருக்கின்றன. மோடுகள் தங்கள் வரிகளைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும். சேவ் கோப்பு எண்ணை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. மோடுகளின் வரிசை மாறினால் எண்கள் நகரும். 4,000 பொன் கடன் இருந்த இடத்தில் ஒரு மந்திர மோதிரத்தின் வருணனை வரும். பார்க்க அசிங்கம், ஆனால் ஆட்டத்தின் உயிருக்கு ஆபத்தில்லை.

ஒரு வார்த்தை அனோமனைப் பற்றி. அவனைப் பலருக்குப் பிடிக்காது, தற்பெருமைக்காரன் என்பார்கள். தங்கை மொய்ரா கொல்லப்பட்ட செய்தி வந்தபின் பழிவாங்கப் போவதா, நிற்பதா என்ற இடத்தில் நீங்கள் சொல்லும் சொல்லைப் பொறுத்து அவனுடைய வீரர் தேர்வும் அறநிலையுமே மாறுகின்றன. தேர்வில் தோற்றவன் வேறொரு மனிதனாகிவிடுகிறான். இவ்வளவு கிளைகள் உள்ள உரையாடலின் நடுவில் ஒரு மோடு கை வைக்கும்போது எங்கோ ஒரு வழி அடைபடுவதில் ஆச்சரியம் இல்லை.

மார்ச் 21

கதையின் பிற்பகுதியை அறியாதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஆறாம் அத்தியாயத்தில் கல்லறைப் பகுதிக்குள் நுழையும்போது போதி என்ற இரத்தக்காட்டேரி உங்கள் காதலியைக் கவர்ந்துகொள்கிறாள். கூட்டாளி குழுவை விட்டு விலகி, இரத்தக்காட்டேரியாக எதிரே நிற்கிறாள். இது நடந்தால் உங்கள் காதல் கதை உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஆனால் விளையாட்டே ஓர் ஆளைக் கழற்றி வேறொன்றை வைத்து, பிறகு திரும்ப மாட்டும் இடம் இது. முன்னால் செய்த குறுக்குவழி ஏதாவது இருந்தால் இங்கேதான் பல்லிளிக்கும். புதிதாக வரவழைத்த இரண்டாவது ஆள் எங்காவது நின்றுகொண்டிருந்தால் கதை அவளோடு முட்டிக்கொள்ளும்.

கல்லறைக்குள் போகும் முன் தனி சேவ் வைத்துக்கொள்ளுங்கள். போதியை வீழ்த்தி வந்தபின் காதலியின் உடலையும் போதியின் இதயத்தையும் எடுத்துக்கொண்டு, உமர் மலையை ஒட்டிய அமானேட்டர் கோயில் இடிபாட்டுக்குப் போக வேண்டும். இந்த நேரத்தில் அவளைக் கன்சோலால் திரும்பக் கொண்டுவர யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கோயில் காட்சி முடிந்தால்தான் மாறிகள் சரியான இடத்துக்கு வருகின்றன.

மார்ச் 22

'இதெல்லாம் 2000-ஆம் ஆண்டு விளையாட்டு, இப்போதைய விளையாட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை' என்று எழுதியவருக்கு: 2023-இல் பால்டர்ஸ் கேட் 3 வந்தபோது, கேல் என்ற மந்திரவாதி பார்த்தவுடன் காதலில் விழுகிறானே என்று எல்லோரும் பேசினார்கள். நல்லெண்ண அளவு அவன் விஷயத்தில் தவறாக அமைந்துவிட்டது, அது பிழை என்று அதை இயக்கிய ஸ்வென் விங்கேயே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். மாறி ஒன்று, எல்லைக்கோடு ஒன்று, அதைத் தாண்டினால் ஒரு பேச்சு. அடிப்படை மாறவில்லை. ஜஹைராவைப் பேசாதவள் என்று நான் நினைத்ததுபோல, பலர் கேலை அவசரக்காரன் என்று நினைத்தார்கள். அதுதான் அவன் குணம் என்று அவனை விரும்பியவர்களும் உண்டு. திருத்தியபின் அவர்களுக்கு அவன் கொஞ்சம் விலகிப்போனான்.

அதே மூன்றாம் பாகத்தில் ஜஹைராவும் மின்ஸ்க்கும் திரும்பி வருகிறார்கள் என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

ஏப்ரல் 6

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஜஹைரா பேசத் தொடங்கிவிட்டாள், நீக்கும்போது சரியான வசனமும் வருகிறது. கூடவே புதிய கவலை: ப்ளோயர் வந்து போனதிலிருந்து அவள் சோர்ந்துகொண்டே போகிறாள், எடிட்டரில் அவளுடைய பலத்தை ஏற்றிவிடலாமா என்கிறார்.

ஏற்றாதீர்கள். அது சாபம், கதையின் பகுதி. எடிட்டரில் அடிப்படை எண்ணை உயர்த்தினால், சாபம் நீங்கிய பின்னும் அந்த உயர்வு அப்படியே தங்கிவிடும். இந்தக் கட்டத்துக்குக் காலக்கெடு உண்டு. அலட்சியமாக விட்டால் அவள் இறந்துவிடுவாள். அரசு மாவட்டத்தில் ஜிஸ்டெவ் பிரபுவின் மாளிகைக்கு நேராகப் போங்கள், டெரிஸ் என்ற ஆளைத் தேடுங்கள். போகும் வழியில் எந்தப் பணியையும் ஏற்காதீர்கள், தூங்கவும் வேண்டாம்.